செத்தது எது? உயிருள்ளது எது?
(நகம், முடி, தோல் – அழகுக்கலை படிக்கிறவர்களுக்கு முதல் பாடம்)



"நீங்க என்ன குரூப்?" என்று கேட்கிறவர்களிடம் "அழகுக்கலை" என்று சொன்னால், "அட, பவுடர் பூசுற படிப்பா?" என்று சிரிக்கிறாங்க. அறிவியல் குரூப் படிக்கிற தோழிகள்கூட "உங்களுக்கென்ன, பரீட்சையே இல்லாத மாதிரி" என்கிறாங்க. அவங்க எல்லோரும் இந்தத் தாளை நின்று படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதில் உயிரியல் இருக்கு, வேதியியல் இருக்கு, நம்ம திண்டுக்கல்லும் இருக்கு.

முதல் வகுப்பில் எங்க மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "நகம், முடி, தோல். இந்த மூன்றிலும் செத்தது எது, உயிரோடு இருக்கிறது எது?" யாருக்கும் பதில் வரவில்லை. வருஷக் கடைசியில்தான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது. நாம் வெட்டுவது, தேய்ப்பது, சாயம் போடுவது எல்லாம் செத்த பாகத்தின் மேலே. அதற்கு அடியிலேயே உயிருள்ள பாகம் இருக்கிறது. அந்த எல்லை தெரிந்தவர் கை வைத்தால் அழகு. தெரியாதவர் கை வைத்தால் புண். பாடம் முழுவதும் இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தோல் – தோல் ஷாப்பில் ஒரு பாடம்

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி என்பார்கள். ஆனால் தோல் பதனிடுவதும் நம்ம ஊரின் பழைய தொழில். பேகம்பூர், நாகல் நகர் பக்கம் இருக்கிறவர்களுக்கு 'தோல் ஷாப்' என்றால் விளக்க வேண்டாம், வாசனையே சொல்லும். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வைத்து டி.செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ஆம் ஆண்டு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

அங்கே என்ன நடக்கிறது? ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் முதலில் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். அதில் ஊறினால் முடி எல்லாம் கழன்று வந்துவிடும். முடியோடு சேர்ந்து தோலின் மேல் படலமும் போய்விடும். அடிப்பக்கம் ஒட்டியிருக்கிற கொழுப்பையும் சதையையும் சுரண்டி எடுப்பார்கள். மிச்சம் இருப்பது நடு அடுக்கு மட்டும். அதைப் பட்டைச் சாற்றில் ஊற வைத்துப் பதப்படுத்தினால் செருப்பு, பெல்ட், பை.

இப்போது நம்ம தோலுக்கு வாருங்கள். அதே மூன்று அடுக்குதான்.

மேலே இருப்பது எபிடெர்மிஸ், அதாவது மேல்தோல். சுண்ணாம்பில் கரைந்து போன படலம் இதுதான். இதன் அடிவரிசையில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். பிறந்த செல் மெல்ல மெல்ல மேலே தள்ளப்படும். போகிற வழியில் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, மேல்மட்டத்துக்கு வரும்போது செத்துவிடும். கீழிருந்து மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய 4 வாரம். எனவே நாம் கண்ணாடியில் பார்க்கிற முகம், தொட்டுப் பார்க்கிற கன்னம், எல்லாமே செத்த செல்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கையில் உருளுகிற அழுக்கில் பாதி இதுதான்!

நடுவில் இருப்பது டெர்மிஸ். செருப்பாகிற அடுக்கு. இதன் பலம் கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. இரத்தக் குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் இங்கேதான். இது முழுக்க உயிருள்ளது.

அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு. மெத்தை மாதிரி.

சந்தேகம் இருந்தால் தைப்பூசச் சமயத்தில் நம்ம ஊர் ரோட்டில் நின்று பாருங்கள். காரைக்குடி, நத்தம் பக்கம் இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திண்டுக்கல் தாண்டித்தான் போகிறார்கள். பாதத்தில் கொப்புளம் போட்டிருக்கும். கொப்புளம் என்றால் என்ன? உராய்ந்து உராய்ந்து மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, நடுவில் நீர் கோத்துக்கொள்வது. அதை உடைத்து மேல் தோலை உரித்துவிட்டால் கீழே இருக்கிற உயிருள்ள பாகம் வெளியே தெரியும், எரியும், சீழ் பிடிக்கும். உரிக்காமல் விட்டால் அந்தச் செத்த தோலே அதற்கு மூடி. செத்ததற்கும் வேலை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அதனால்தான் ஸ்கிரப் போடும்போது "அழுத்தித் தேய்ங்க அக்கா, நல்லா வெளுக்கட்டும்" என்று கஸ்டமர் சொன்னாலும் நாம் கேட்கக் கூடாது. அளவுக்கு மேல் தேய்த்தால் மூடி போய்விடும். முகம் சிவந்து எரிந்தால், எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

2. நிறம் – இதுதான் முக்கியமான பகுதி, தயவுசெய்து விட்டுவிட்டுப் போகாதீர்கள்

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. இவைதான் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. வெள்ளைக்காரர், ஆப்பிரிக்கர், நாம், எல்லோருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். மெலனின் ஒவ்வொரு செல்லின் உட்கரு மேலேயும் குடை மாதிரி கவிந்து, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் குடையின் அருமை தெரியும். கருப்பு என்பது குறை இல்லை, அது நம்ம உடம்பு தானே நெய்துகொண்ட குடை.

கவனியுங்கள். இந்த நிறம் பிறப்பது உயிருள்ள அடுக்கில். அதனால் பவுடரும் கடலை மாவும் அதைத் தொடவே முடியாது. அழுக்கும் எண்ணெயும் போகும், முகம் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். "ஏழே நாளில் வெளுப்பு" என்று ஒரு கிரீம் நிஜமாகவே வெளுக்க வைத்தால், அது உயிருள்ள பாகத்துக்குள் போய் ஏதோ செய்கிறது என்று பொருள். அப்போதுதான் பயப்பட வேண்டும்.

என் சித்தி மகளுக்கு நடந்ததை அவங்க அனுமதியோடு எழுதுகிறேன். கல்யாணத்துக்கு 2 மாசம் இருக்கும்போது தெரிந்தவர் ஒருவர் ஒரு டியூப் கொடுத்தாங்க. "ராத்திரி பூசிட்டுப் படு, மணமேடையில பாரு" என்றாங்க. முதல் 3 வாரம் முகம் உண்மையிலேயே வெளுத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்க அப்பத்தா கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாங்க. பிறகு கன்னம் சிவந்தது. தோல் மெலிந்து நூல் மாதிரி சின்னச் சின்ன இரத்தக் குழாய் தெரிந்தது. பரு வந்தது. தாடைப் பக்கம் முடி முளைத்தது. பயந்து கிரீமை நிறுத்தினால் எரிச்சல் தாங்க முடியவில்லை, திரும்பப் பூசினால் அடங்கியது. கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு, "இது ஸ்டீராய்டும்மா" என்றார். சரியாக ஒரு வருஷம் ஆனது. கல்யாணப் போட்டோவை அக்கா இன்னும் யாருக்கும் காட்டுவதில்லை.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்து இல்லை. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை போட்டால் நல்ல மருந்து. அழகு கிரீம் என்று மாதக்கணக்கில் முகத்தில் பூசுவதுதான் தப்பு. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. படர்தாமரைக்கு இதைப் பூசுகிறவர்களும் உண்டு. அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளேயே பரவும்.

இன்னொரு ஆபத்து பாதரசம். அது மெலனின் தயாராவதைத் தடுக்கும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். பாதரசம் குறித்த மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவும் 2025-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்தன. எனவே லேபிள் இல்லாத, தயாரிப்பாளர் முகவரி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். நாளைக்கு நம்ம பார்லரிலும் வைக்காதீர்கள்.

3. முடி – பழனி மொட்டை சொல்லும் பாடம்

நம்மில் பாதிப் பேருக்கு முதல் மொட்டை பழனியில்தான். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மடியில் உட்கார வைத்த போட்டோ எல்லார் வீட்டிலும் இருக்கும். மொட்டை அடிக்கும்போது குழந்தை அழுகிறதே, முடி வலிக்கிறதா? இல்லை. பயத்தில் அழுகிறது. வெளியே தெரிகிற முடி முழுக்க முழுக்கச் செத்த கெரட்டின். அதில் நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை.

உயிர் இருப்பது தோலுக்குள்ளே, சில மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலின் அடியில் வெங்காயம் மாதிரி இருக்கிற குமிழில். கத்தி அங்கே போவதே இல்லை. அதனால்தான் திரும்ப முளைக்கிறது. "மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்" என்று அம்மாச்சி சொல்வாங்க. அது உண்மை இல்லை. குழந்தை முடியின் நுனி ஊசி மாதிரி மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருப்பதால் கைக்குக் கனமாகத் தெரிகிறது. மயிர்க்கால்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. வேண்டுதலுக்கு மொட்டை போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம்.

கணக்கு ஒன்று. தலையில் சுமார் 1 லட்சம் முடி. மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ஒரு முடி 2 முதல் 6 வருஷம் வரை வளரும், பிறகு சில வாரம் வளர்ச்சி நிற்கும், 3 மாதம் ஓய்வெடுக்கும், உதிரும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சகஜம். சீப்பைப் பார்த்து அழ வேண்டாம். டைபாய்டு, பிரசவம், கடுமையான பட்டினி, இவற்றுக்கு 2, 3 மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும். பெரும்பாலும் தானே திரும்பி வரும்.

இன்னொரு கணக்கு. உன் சடை 72 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனி முளைத்து 72 மாதம், அதாவது 6 வருஷம் ஆகிறது. நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது முளைத்த முடி! அந்த நுனிக்கு "சத்து ஊட்ட" எந்த எண்ணெயாலும் முடியாது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். அது நல்லது. ஆனால் புது முடியை முளைக்க வைக்காது. முடிக்குச் சத்து சாப்பாட்டுத் தட்டில்தான்: பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை.

இப்போது வேதியியல். தோல் ஷாப் சுண்ணாம்புத் தொட்டி ஞாபகம் இருக்கா? முடி நீக்கும் கிரீமும் அதே வேலைதான் செய்கிறது. கெரட்டின் இழைகளை இறுக்கிப் பிடித்திருப்பது கந்தகப் பிணைப்பு. தொட்டியில் சல்பைடு அதை உடைக்கிறது, கிரீமில் தையோகிளைக்கோலேட் உடைக்கிறது. ஆனால் மேல்தோலிலும் கெரட்டின்தானே இருக்கிறது? அட்டையில் 5 நிமிடம் என்று போட்டிருந்தால் 5 நிமிடம்தான். "முடி கனமா இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம்" என்று விட்டால் அடுத்து வேகுவது தோல்.

ரீபாண்டிங்கிலும் இதே வித்தைதான். பிணைப்பை உடைத்து, சூட்டில் நேராக்கி, திரும்பப் பிணைப்பது. மயிர்க்கால் மாறாததால் புதிதாக முளைக்கிற முடி பழையபடி சுருட்டையாகவே வரும். இதைக் கஸ்டமரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் சண்டைக்கு வருவார்.

ஹேர் டையில் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் இருக்கும். சிலருக்கு ஒவ்வாமையில் முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும். திருவிழாவில் போடுகிற 'கருப்பு மருதாணி'யிலும் இதைக் கலப்பது உண்டு. அசல் மருதாணி ஆரஞ்சிலிருந்து அரக்குச் சிவப்பு வரைதான் சிவக்கும், ஒருநாளும் கருக்காது.

4. நகம் – மருதாணி சொல்லும் பாடம்

தீபாவளிக்கு வைத்த மருதாணி உள்ளங்கையில் 2 வாரத்தில் போய்விடுகிறது. நகத்தில் மட்டும் பொங்கல் வரை இருக்கிறது. ஏன்? உள்ளங்கையின் செத்த செல்கள் உதிர்ந்துவிடுகின்றன, நிறமும் கூடவே போகிறது. நகம் உதிர்வதில்லை, முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிறம் நகத்தோடு நகர்ந்து, வெட்டும்போதுதான் போகிறது.

நகத் தகடும் செத்த கெரட்டின்தான். அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது 3 இடத்தில். முதலாவது நக வேர், தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். கட்டை விரலில் தெரிகிற வெள்ளைப் பிறை அதன் முனை. இரண்டாவது, தகட்டுக்குக் கீழே இருக்கிற இளஞ்சிவப்புப் படுக்கை. மூன்றாவது, நகமும் தோலும் சேரும் இடத்து விளிம்புத் தோல். இந்த மூன்றாவதைத்தான் மெனிக்யூர் என்ற பெயரில் அதிகம் கொடுமைப்படுத்துகிறோம். அது ஜன்னல் கண்ணாடிக்கு வைத்த மக்கு மாதிரி, கிருமியும் தண்ணீரும் உள்ளே போகாமல் அடைத்து வைத்திருக்கிறது. நகத்தின் மேல் ஒட்டியிருக்கிற செத்த படலத்தை ஊற வைத்து மெதுவாகத் தள்ளலாம். விளிம்பையே வெட்டினால் வழி திறந்துவிடும். பிறகு நகச்சுத்து! விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு அலைய வேண்டியதுதான். அதிலும் சீழ் கட்டிவிட்டால் எலுமிச்சை போதாது, டாக்டரிடம் போக வேண்டும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் "கால்சியம் இல்லை", "புதுத்துணி வரும்" என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை, நக வேரில் எப்போதோ பட்ட சின்ன அடிதான். ஆனால் நகம் கரண்டி மாதிரி குழிந்திருந்தால் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். பள்ளியில் வாரா வாரம் தருகிற மாத்திரையை ஜன்னல் வழியாகப் போடுகிற தோழிகள் இதை இரண்டு தடவை படிக்கவும்!

செய்து பாருங்கள்: இடது கைக் கட்டை விரல் நகத்தின் அடியோரம் மட்டும் மருதாணி வையுங்கள். வாரம் ஒரு தடவை, அடித்தோலுக்கும் சிவப்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். விரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதிதான். அதனால் கால் பெருவிரல் நகம் பெயர்ந்து விழுந்தால் முழுசாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

5. கை வைக்கும் முன்

* ஒரு ஆளுக்கு ஒரு புது பிளேடு. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பிளேடில் ஒட்டிய இரத்தம் வழியாகப் பரவலாம்.
* நகவெட்டி, தள்ளுகோல், சீப்பு: முதலில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினி. அழுக்கோடு முக்கினால் மருந்து வேலை செய்யாது.
* திரெடிங் நூலை வாயில் கடிக்கும் பழக்கம் வேண்டாம். கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.
* சர்க்கரை நோய் உள்ளவர்கள் பெடிக்யூருக்கு வந்தால் வெந்நீரை நம்ம கையால் பார்க்க வேண்டும். அவங்க காலுக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம். ஆணிக்காலைப் பிளேடால் செதுக்கவே கூடாது.
* படர்தாமரை, சீழ், வட்டமாக முடி உதிர்ந்த இடம், நகத்தில் புதிதாக வந்து அகலமாகிற கருப்புக் கோடு, உணர்ச்சி இல்லாத தேமல்: இவற்றைப் பார்த்தால் வேலையை நிறுத்தி, மெதுவாக, அடுத்தவர் காதில் விழாமல், "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிக்கங்க அக்கா" என்று சொல்லுங்கள். டாக்டருக்கு முன்னால் அந்த இடத்தை உற்றுப் பார்ப்பது பல சமயம் நாம்தான்.

ஞாபகத்துக்கு:
செத்தது – தோலின் மேல்மட்டம், முடித் தண்டு, நகத் தகடு. (நம்ம வேலை இங்கே.)
உயிருள்ளது – அடித்தோல், மயிர்க்கால், நக வேர், விளிம்புத் தோல். (மரியாதையாகத் தள்ளி நில்!)

மூளைக்கு வேலை:
1. உள்ளங்கையில் ஏன் முடி முளைப்பதில்லை?
2. ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஏன் நகப்பூச்சை அழிக்கச் சொல்கிறார்?
3. கண்ணிமைத் தோலுக்கும் குதிகால் தோலுக்கும் ஒரே கிரீம் சரியா? ஏன்?
விடையைத் தாளில் எழுதி வகுப்பு எண்ணோடு எங்க மிஸ்ஸிடம் கொடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்.

கடைசியாக ஒன்று. அடுத்த கல்யாணச் சீசன் வரும். யாராவது உங்களிடமோ உங்க அக்காவிடமோ ஒரு டியூபை நீட்டி "வெளுத்துடுவ" என்பார்கள். அப்போது டியூபைத் திருப்பிப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த நாம் அதையாவது செய்யலாமே.



– பிளஸ் ஒன் மாணவி, அழகுக்கலைப் பிரிவு